திரவ நைட்ரஜன் பட்ட விரல்கள்

காங்கேயம் வட்டாரத்துக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் பணியில் இருக்கிறேன். உறைவிந்து அடைத்த மெல்லிய குழல்களான குச்சிகளைப் பாதுகாக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் என்பது எங்களுக்குப் பாடம். அந்தக் குளிர் உடலை என்ன செய்யும் என்பதை, ஒரு பண்ணையில் கேன் சரிந்து என் இடது கையுறை நனைந்தபோதுதான் அறிந்தேன்.

வெறும் தோலில் தெறிக்கும் துளி பெரும்பாலும் உருண்டோடிவிடும். துணியோ அதை உறிஞ்சித் தோலோடு பிடித்துவைத்துக்கொள்ளும். கையுறையைக் கழற்றியபோது மூன்று விரல்களின் நுனிகள் மெழுகு போல் வெளுத்து விறைத்திருந்தன. வலி சிறிதும் இல்லை. அது ஆறுதல் தரவேண்டிய செய்தியன்று. குளிரில் திசு உறைந்துபோகும் பனிக்கடியில் உணர்வே போய்விட்டதன் அடையாளம்.

பண்ணைவீட்டுப் பெரியம்மா பதறிப்போய், "அடுப்புக்கிட்ட காட்டு கண்ணு, எண்ணெ போட்டுத் தேச்சு உடறேன்" என்றார். அன்போடு சொன்ன அந்த இரண்டையுமே மறுக்க வேண்டியிருந்தது. உணர்வற்ற விரல் நெருப்பருகே வெந்தாலும் தெரியாது; தேய்த்தால் உறைந்த திசு மேலும் சிதையும். குச்சிகளை இளக்குவதற்கு 37 டிகிரி வெந்நீரும் வெப்பமானியும் எப்போதும் என் பையில் உண்டு. உறைந்த விரலுக்கும் 37 முதல் 39 டிகிரி வரையிலான நீரே உகந்தது. குச்சிக்கு 30 விநாடி போதும். விரல் சிவந்து மென்மையாகும்வரை, ஏறக்குறைய அரை மணி நேரம், பெரியம்மா குண்டாவில் வெந்நீரைக் கலந்துகொண்டே இருந்தார். உணர்வு திரும்பியபோது எழுந்த வலியை விவரிக்க என்னால் இயலாது.

கோவை மருத்துவமனையில் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு, விரல்களுக்கிடையே பஞ்சு வைத்துத் தளர்வாகக் கட்டி, கையை உயர்த்தி வைத்தார்கள். உறைவது பாதிச் சேதம்தான் என்றும், இளகிய பிறகு நுண்ணிய குழாய்களில் இரத்தம் கட்டி ஓட்டம் நிற்பதே மறுபாதி என்றும் மருத்துவர் விளக்கினார். இபுப்ரோஃபென் கொடுத்ததும் புகைபிடிக்கக் கூடாது என்று எச்சரித்ததும் அதற்காகவே. கடுமையான பனிக்கடிக்கு ஐலோப்ரோஸ்ட் என்ற மருந்தை அமெரிக்கா 2024இல் அனுமதித்ததும் இந்த ஓட்டத்தை மீட்பதற்காகத்தான். இரண்டு விரல்களில் தெளிந்த நீர்க் கொப்புளங்கள் எழுந்தன; அவை ஆறிவிட்டன. நடுவிரலில் எழுந்ததோ இரத்தக் கொப்புளம், சேதம் ஆழமாக இறங்கியதன் அறிகுறி.

அந்த நுனி கறுத்துச் சுருங்கியதும், சர்க்கரை நோயால் கால்விரலை இழந்தவர்களைப் பார்த்துப் பழகிய உறவினர்கள், உடனே எடுத்துவிட்டால் பரவாது என்று வற்புறுத்தினார்கள். சீழோ காய்ச்சலோ இல்லாதவரை கத்தி வைப்பதற்கு அவசரமே இல்லை, உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்கும் இடையிலான கோடு தெளிவாகத் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பதில் மருத்துவர் உறுதியாக இருந்தார். அவர் பொறுத்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். கறுப்புத் தோல் ஓடாகக் கழன்றபோது அடியில் இளஞ்சிவப்புத் தோல் இருந்தது, நகத்தருகே சிறிதளவு சதை மட்டுமே போயிற்று.

மார்கழி விடியலில் அந்த விரல்கள் இன்றும் மரத்துப்போகின்றன. இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம் என்கிறார்கள். இப்போது குளிர் தாங்கும் தளர்வான கையுறையை மட்டுமே அணிகிறேன், நனைந்தால் நொடியில் உதறிவிடுவதற்காக.