ஹைக்கூவை வச்சு ஆம்பியன்ட் (பின்னணியில மெதுவா ஓடுற இசை) ட்ராக், மூணாவது வாரம்

ஹைக்கூவோட மூணு வரிக்கான 5-7-5 அசைக் கணக்கை இந்த வாரம் விட்டுட்டேன். போன ரெண்டு வாரமா அதை அப்படியே லூப்பாக்கிப் பார்த்தேன், 60 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 60 பீட், அதாவது செகண்டுக்கு ஒண்ணு) 5 பீட் லூப் ஒண்ணு, 7 பீட் ஒண்ணு, மறுபடி 5 பீட் ஒண்ணு. 5ம் 7ம் 35 செகண்டுக்கு ஒரு தடவைதான் ஒண்ணா வந்து சேரும், அது நல்லாவே இருந்துச்சு, 1978ல ஆம்பியன்ட் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ வேற வேற நீளத்துல டேப் லூப் ஓட விட்டதும் இந்த வழிதான். ஆனா ரெண்டு 5 லூப்பும் ஒட்டிக்கிட்டே வருது, மெதுவா ஓடுற மெஷின் மாதிரி இருக்கு, கவிதைய காணோம்.

சரின்னு ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவோட 1686 தவளைக் கவிதைக்கே திரும்பப் போனேன். பழைய குளம், தவளை குதிக்குது, தண்ணிச் சத்தம், அவ்வளவுதான். முதல் வரி ஜப்பானிய மொழில "ஃபுருயிகே யா"ன்னு முடியும். அந்த "யா"வுக்குத் தனியா அர்த்தம் கிடையாது, நம்ம அசைச்சொல் மாதிரி, ஆனா அங்க கவிதை வெட்டுப்படுது, குளத்தை மட்டும் வச்சுக்கிட்டு நாம ஒரு கணம் காத்திருக்கணும். எனக்கு வேண்டியது இந்தக் காத்திருப்புதான்!

அதனால ஒரே ஒரு ட்ரோன் (விடாம நீளுற ஒரே சுருதி), லேசா டீட்யூன் பண்ணி, அதாவது சுருதியைக் கொஞ்சம் விலக்கி, கூர்மையான சத்தத்தைக் குறைக்கிற லோ பாஸ் ஃபில்டர் போட்டது, 40வது செகண்ட்ல கட். கட் பண்ணியும் வெட்டே கேக்கல, ஏன்னா 12 செகண்ட் ரிவெர்ப் (பெரிய மண்டபத்துல மாதிரி சத்தம் நீண்டு மங்கறது) வால் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. ஆம்பியன்ட்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே ரிவெர்ப்தான், அதுதான் இங்க எல்லாத்தையும் மூடிடுச்சு. ரிவெர்ப் ட்ராக்கையும் அதே இடத்துல ஆட்டோமேஷன் வச்சு மியூட் பண்ணேன், டிக்னு ஒரு சத்தம் வந்துச்சு, 15 மில்லிசெகண்ட் ஃபேட் குடுத்ததும் போயிடுச்சு. அப்புறம் 3 செகண்ட் எதுவுமே இல்ல.

அதுக்கப்புறம் ஒரு துளி. சைன் வேவோட (கலப்பில்லாத எளிய ஒலி அலை) பிட்ச்சை மேலேர்ந்து கீழ இறக்கினேன், ட்ரம் மாதிரி கேட்டுச்சு, தண்ணியா இல்ல. நிஜத் துளில குமிழி மேல வர வர பிட்ச் ஏறும், அதனால 400லேர்ந்து 900 ஹெர்ட்ஸுக்கு 60 மில்லிசெகண்ட்ல ஏத்தினேன், உடனே தண்ணி! சத்தத்தை மறுபடி மறுபடி கேக்க வைக்கிற டிலே போடச் சொல்லி கை அரிச்சுது, போட்டேன், கேட்டேன், எடுத்துட்டேன், ஒரு துளி ஒரு தடவை விழுந்தா போதும்.

துளிக்கு அப்புறம் ட்ரோன் திரும்ப வரணுமாங்கறது இன்னும் முடிவாகல. பாஷோ தண்ணிச் சத்தத்தோட நிறுத்திட்டார். ரெண்டு விதமாவும் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருக்கேன், காலைல எழுந்ததும் வேற எந்தப் பாட்டும் காதுல விழறதுக்கு முன்னாடி கேக்கணும்.