ஞானப்பூ அம்மாளைத் தேடி வடக்கன்குளம் வரை

புனித தேவசகாயம் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்குப் போகிற பலரும் பாறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் போய்வந்தேன். அந்தப் புனிதருக்கு ஞானப்பூ அம்மாள் என்று ஒரு மனைவி இருந்தார், கணவர் சுடப்பட்ட பிறகும் அந்த அம்மா பல வருஷம் விதவையாக வாழ்ந்தார் என்பதெல்லாம் அப்போது காதில் விழுந்திருந்தாலும் மனதில் நின்றிருக்காது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் ஞானப்பூ அம்மாளின் நினைப்பு எனக்கு வந்தது.

எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அவர் போன பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். "கடவுளுக்குப் பிடிச்சவங்களை அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்று அதில் பாதிப் பேராவது சொல்லியிருப்பார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் கணவனை இழந்தவளிடம் அதைச் சொல்லவே கூடாது. அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கடவுள் மேல் பயம்தான் வந்தது. கோவிலுக்குப் போவதை நான் விடவில்லை. கடைசி பெஞ்சில் உட்காருவேன். செபமாலை கையில் இருக்கும், வாய் அசையாது.

பங்குத்தந்தை ஒருநாள் ரூத்து நூலை வாசிக்கச் சொன்னார். அதில் நகோமி கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் பறிகொடுத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொள்ளும்போது, கடவுள் தன் வாழ்வைக் கசப்பாக்கிவிட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். அதற்காக அவளை யாரும் கண்டிக்கவில்லை. அந்தப் பேச்சும் வேதத்தில் அப்படியே இருக்கிறது. அதைப் படித்த அன்றைக்குத்தான், என் கோபத்தோடும் ஆண்டவர் முன்னால் உட்காரலாம் என்ற தைரியம் வந்தது.

அப்புறம் ஆடி மாதத்தில் அன்பியத்துப் (எங்கள் பங்கின் சிறு செபக் குழு) பெண்கள் ஒரு வேன் பிடித்தார்கள். கணவனை இழந்தவர்கள் மட்டும் போகிற யாத்திரை. தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்தும் சில பேர் ஏறினார்கள். எல்லாரும் ஒக்கிப் புயலில் ஆளைப் பறிகொடுத்தவர்கள். 2017 நவம்பர் 30 எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்கு ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த வயதான அம்மா சொன்னார்: "செத்துப் போனாருன்னு காயிதம் வந்துது மோளே. ஆள் வரல்ல."

முதலில் புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் ஒடிந்து இருந்தபோது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர் இவர்தான். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு வாங்கி நீலகண்டன் தேவசகாயம் ஆனார். நம் மண்ணின் புனிதருடைய விசுவாசம் இழப்பில்தான் தொடங்கியது என்பதை அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் முழுசாக உணர்ந்தேன். சற்றுத் தள்ளி முட்டிடிச்சான் பாறை. சுடுவதற்குக் கொண்டுபோன வழியில் தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்ததாகச் சொல்வார்கள். நாங்களும் அந்தத் தண்ணீரைக் குடித்தோம்.

தோவாளையில் வேனை நிறுத்திப் பூ வாங்கினோம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் விதவை பூ வைப்பதில்லை. பிச்சிப்பூவை அளந்துகொண்டே பூக்காரம்மா, "தலைக்கா, மாலைக்கா?" என்று கேட்டார். "கல்லறைக்கு" என்று ஒரே குரலில் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் இன்னும் இரண்டு கைப்பிடி சேர்த்துப் போட்டார்.

காற்றாடிமலை, ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி இருக்கிறது. ஆடிக் காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏற முடியும். சுற்றிலும் காற்றாலைகள் இரைச்சலோடு சுழன்றுகொண்டிருக்கும். 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டது இங்கேதான். அதற்கு முன் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சுட்ட பிறகு உடலைக் காட்டிலேயே போட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து விசுவாசிகள் தேடி வந்து, மிஞ்சிய எலும்புகளை எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

இதை நான் கடற்கரை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்பம் அவளுக்கும் ஆளோட ஒடம்பு கிட்டல்லியா?"

"எலும்பு கிடைச்சுதும்மா."

"அது போதும். குழியாவது உண்டல்லோ."

கல்லறைத் திருநாள் அன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது இவர் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவாராம். மணலில் குழி தோண்டி, காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, எரிந்து முடியும்வரை இருப்பாராம். வியாகுல மாதா முன்னால் அவர் முழங்காலில் நின்றதைப் பார்த்தபோது, இத்தனை நாள் என் துக்கம் ஒன்றே உலகத்தில் பெரிது என்று இருந்த நெஞ்சு சற்று இளகியது. என் வீட்டுக்காரருக்குக் கல்லறை உண்டு, பெயர் வெட்டிய கல் உண்டு. அதற்காக ஆண்டவருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

காவல்கிணறு தாண்டி வடக்கன்குளம். ஞானப்பூ அம்மாள் 1766-இல் இறந்து இங்கேதான் அடக்கமானார். முந்தின பெயர் பார்கவி. ஞானஸ்நானம் வாங்கத் தொடக்கத்தில் தயங்கியிருக்கிறார். உறவு ஒதுக்கும், ஊர் ஒதுக்கும் என்ற பயம். பிறகு துணிந்தார். கணவர் சுடப்பட்ட பிறகு 14 வருஷம். அந்த வருஷங்களில் என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார், எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தார் என்று நான் படித்த எதிலும் இல்லை. கணவருடைய சாட்சியத்தைப் பார்க்க அன்று ஊரே இருந்தது. இவர் தினமும் காலையில் எழுந்து விசுவாசத்தில் நின்றதைப் பார்க்க யார் இருந்திருப்பார்கள்? அதுவும் ஒரு சாட்சியம்தான். உயிரைக் கொடுத்த மறைசாட்சிக்குச் சமமாக அதை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிச்சிப்பூவைப் பரப்பிவிட்டுத் செபமாலையின் துக்க தேவ இரகசியங்களைச் சொல்லத் தொடங்கினோம். மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது.

திரும்பும்போது அந்த அம்மா பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காகிதங்களை எடுத்து நீட்டினார். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து. யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள், இந்தக் காகிதங்களோடுதான் என் பாதி வாழ்க்கை போனது. மனு எழுதிக் கொடுத்தேன், கூடவே அலுவலகத்துக்கும் போனேன். அதைக் கேள்விப்பட்டு இன்னொருத்தி வந்தாள். இப்போது சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போகிறேன். கோவில் திண்ணையில் உட்கார்ந்து உதவித்தொகை மனு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்று எழுதுகிறோம். எழுதி முடித்ததும் எல்லாருமாக ஒரு செபமாலை. லூக்கா நற்செய்தியில் அன்னா என்று ஒரு விதவை வருகிறார். ஏழு வருஷம் கணவரோடு வாழ்ந்து, 84 வயதிலும் ஆலயத்தை விட்டு நீங்காமல் இருந்தவர். குழந்தை இயேசுவைக் கண்டதும் எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைப் பற்றிப் பேசினார் என்று இருக்கிறது. விதவைக்குப் பேச வேண்டியதும் செய்ய வேண்டியதும் இருக்கிறது என்பதை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஏன் அத்தனை சீக்கிரம் போனார் என்று இன்றைக்கும் ஆண்டவரிடம் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே ஆண்டவருக்குரிய வேலையையும் செய்கிறேன்.

2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்த பிறகு காற்றாடிமலைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஜனவரி 14 திருவிழாவுக்குப் போகிறவர்கள் அப்படியே காவல்கிணறு வழியாக வடக்கன்குளத்துக்கும் போய்வாருங்கள். போகும்போது உங்கள் தெருவில் கணவனை இழந்த அக்கா யாராவது வீட்டுக்குள்ளேயே இருந்தால், வண்டியில் அவருக்கும் ஒரு இடம் போடுங்கள். தோவாளையில் பூ வாங்க மறக்க வேண்டாம்.