சாம்பிளுக்கும் கூலி உண்டு

ஜூன் 4, 2025
இணையத்தில் ஆங்கிலக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் வேலைக்காக, வேலை தரும் தளம் ஒன்றில் இன்று ஆங்கில இலக்கணத் தேர்வு எழுதினேன். நாலு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், நேரம் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டது முழுக்க அமெரிக்க ஆங்கிலம். மேற்கோள் முடியும் இடத்தில் கமா உள்ளே வருமா, வெளியே வருமா? மூன்று பொருட்களை வரிசையாகச் சொன்னால் 'அண்ட்'டுக்கு முன்னால் கமா உண்டா? இரண்டாவதற்கு அமெரிக்காவிலேயே ஒரே விடை கிடையாது. பத்திரிகைகள் பின்பற்றும் ஏபி கையேடு எளிய வரிசைக்கு அந்தக் கமா வேண்டாம் என்கிறது. புத்தகப் பதிப்பாளர்களின் சிகாகோ கையேடு வேண்டும் என்கிறது. எந்தக் கையேட்டின்படி என்று கேள்வியில் இல்லை. நம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் முறை. புதிதாக வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடுங்கள், பயன்படும்.

ஜூன் 5
தேர்ச்சி. இந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்த அக்காவிடம் போனில் சொன்னேன்.

"நல்லது கண்ணு. ஆனா மார்க்கை யாரு பாக்கறாங்க? இந்த மாதிரி வேலை தர்ற தளம் அப்வொர்க்கே 2019ல அவங்க தேர்வை எல்லாம் எடுத்துட்டாங்க. லிங்க்ட்இன்ல தேர்வு எழுதினா குடுத்த பேட்ஜும் 2023ல போச்சு."

"அப்ப எதைத்தான் பாக்கறாங்கக்கா?"

"நீ எழுதுனத."

ஜூன் 9
ஒரு கன்டென்ட் நிறுவனம் 'சிறு தேர்வு' அனுப்பியிருந்தது. மெத்தை வாங்குவது பற்றி 800 சொற்கள், தலைப்பு, துணைத்தலைப்பு, தேடுசொற்கள் எல்லாம் சேர்த்து. கூலி பற்றி ஒரு வரி இல்லை. அது தேர்வு இல்லை, அப்படியே தளத்தில் ஏற்றக்கூடிய கட்டுரை. இப்படிப் பத்துப் பேரிடம் வாங்கினால் ஒரு மாதத்துக்கு வேண்டியது சும்மாவே கிடைத்துவிடும். இலவச வேலை கேட்பதை அப்வொர்க் தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது, ஆனால் இது நேரடியாக மின்னஞ்சலில் வந்தது. என் பழைய கட்டுரைகளை இணைத்து, புதிதாக எழுதச் சொன்னால் கட்டணம் இவ்வளவு என்று பதில் போட்டேன்.

ஜூன் 12
அவர்களிடமிருந்து பதில் இல்லை. நான் சாம்பிள் அனுப்பியிருந்த வேறொரு இடத்திலிருந்து வந்தது: "உங்கள் மாதிரிக் கட்டுரை ஏஐ எழுதியதாகத் தெரிகிறது, ஏற்க முடியாது."

ஒவ்வொரு வரியும் நான் உட்கார்ந்து எழுதியது. ராத்திரி முழுக்க இதைப் பற்றியே படித்தேன். இந்தக் கண்டறியும் கருவிகளில் பல, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம் என்று தீர்ப்பு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்கள் பழக்கமான சொற்களைத்தான் எடுப்போம், வாக்கியத்தையும் நேராகவே கட்டுவோம். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று வந்தது. சாட்ஜிபிடி செய்த ஓபன்ஏஐ நிறுவனமே தன் கருவியை அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றுவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றை வைத்து ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிப்பது அநியாயம்.

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்ததால் வெர்ஷன் ஹிஸ்டரி இருந்தது. வரி வரியாக அடித்தது, அழித்தது, மாற்றியது எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். அந்த இணைப்பையும் ஆய்வின் சுருக்கத்தையும் அனுப்பினேன். சாம்பிள் எழுதுகிறவர்கள் வேறு எங்கும் எழுதி ஒட்டாதீர்கள், ஆரம்பத்திலிருந்தே அங்கேயே எழுதுங்கள்.

ஜூன் 16
அவர்கள் மனம் மாறவில்லை. ஆனால் வீட்டுத் துணிகள் விற்கும் ஒரு கடைக்காரர், என் ப்ரொஃபைலில் கரூர் என்று பார்த்து எழுதியிருக்கிறார். 400 சொற்கள் சோதனைக் கட்டுரை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பணம் உண்டு. நியாயமான தேர்வு என்றால் இதுதான்.

தலைப்பு, பெட்ஷீட்டில் போடும் த்ரெட் கவுன்ட். ஒரு சதுர அங்குலத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சேர்த்து எத்தனை இழை என்பதுதான் அது. இரண்டு புரி சேர்த்து முறுக்கிய நூலை இரண்டாக எண்ணி, 300ஐ 600 என்று போட்டு விற்பவர்கள் உண்டு. எந்த ஆன்லைன் தேர்வும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நாளைக் காலை சித்தப்பாவின் தறி குடோனில் இழை எண்ணும் உருப்பெருக்கியான பிக் கிளாஸை வைத்து நானே எண்ணிப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பிக்கிறேன்.