பிரிப்பரேட்டர் சங்கத்தில் பொறுப்பேற்றால் வரும் வேலைகள்

புதைபடிவத்தைச் சுற்றியுள்ள பாறையை நீக்கி, உடைந்ததை ஒட்டி, உதிர்வதை உறுதிப்படுத்தி ஆய்வுக்குக் கொடுப்பவர் பிரிப்பரேட்டர். அருங்காட்சியக ஊழியர், பல்கலைக்கழக ஆய்வகத் தொழில்நுட்பர், பணி ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் சில நாள் வந்து உட்காரும் தன்னார்வலர், ஒப்பந்தத்துக்கு வேலை எடுத்துச் செய்பவர் என எல்லாரும் ஒரே சங்கத்தில் இருப்பார்கள். சங்கத்துக்குப் பெரும்பாலும் சம்பள ஊழியர் கிடையாது. செயற்குழுவில் இருக்கும் சிலர், சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் நடத்துவதுதான் சங்கம்.

இப்படிப்பட்ட சங்கங்கள் கருத்தரங்கிலிருந்து முளைத்தவை. 1940-ல் தொடங்கிய முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கத்தின் கூட்டங்களில் பிரிப்பரேட்டர்களுக்கென்று ஓர் ஓரம் ஒதுக்கப்பட்டு வந்தது. 2008-ல் அமெரிக்காவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் இந்தத் தொழிலுக்கென்றே தனிக் கருத்தரங்கு நடந்தது. அந்த வரிசையிலிருந்துதான் பின்னாளில் அசோசியேஷன் ஃபார் மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ் இன் பேலியன்டாலஜி (தொல்லுயிரியல் பொருள்கள், முறைகளுக்கான சங்கம்) வந்தது. இதைச் சொல்லக் காரணம், பொறுப்புக்கு வருபவர் பலர் கொள்கை, தொழில் அந்தஸ்து என்று பெரிதாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கையில் விழுவதோ வருடாந்திரக் கூட்டத்தை நடத்தும் வேலை. சங்கத்தின் வருமானம், செலவு, உறுப்பினர் சேர்க்கை எல்லாம் அதைச் சுற்றியே ஓடும்.

தேர்தலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போட்டியே இல்லாமல் வருவதுதான் வழக்கம். ஒன்றை மட்டும் விதியிலேயே எழுதி வையுங்கள்: செயலாளரும் பொருளாளரும் ஒரே ஆண்டில் மாறக் கூடாது. இருவரும் சேர்ந்து போனால் சங்கத்தின் நினைவு மொத்தமும் கூடவே போய்விடும்.

பொறுப்பேற்றதும் முதல் வேலை ஆவணங்களைக் கேட்டு வாங்குவது. பொதுக்குழு நிறைவேற்றிய கடைசித் திருத்தத்துடன் கூடிய சங்க விதிகள், மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், பதிவுச் சான்று, வரித் தாக்கல், காப்பீட்டுப் பத்திரம், நடப்பில் உள்ள ஒப்பந்தங்கள், உறுப்பினர் பட்டியல். விதிகளில் மூன்று நான்கு வடிவங்கள் உலவிக்கொண்டிருக்கும். எது நிறைவேறியது என்பதைக் கூட்டக் குறிப்போடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய முடியும். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதில் வடிவத்துக்கு வடிவம் எண் மாறினால், பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கேள்விக்குள்ளாகும்.

வங்கிக் கையொப்பம் மாற்றுவது இழுத்தடிக்கும் வேலை. யார் வெளியேறுகிறார், யார் சேர்கிறார் என்று பெயரோடு தீர்மானம் போட்டு, அந்தக் குறிப்பின் நகலை வங்கிக்குக் கொடுக்க வேண்டும். தீர்மானத்தில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இல்லையென்றால் திரும்பி வரும். ஆகவே முதல் செயற்குழுக் கூட்டத்திலேயே இந்தத் தீர்மானத்தை முடித்துவிடுங்கள். பழைய பொருளாளரின் கையொப்பம் புதியவருடையது செயலுக்கு வரும்வரை நீடிக்கட்டும். இணையதள முகவரியும் இதே கதைதான். யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சலிலும் சொந்த அட்டையிலும் பதிவாகியிருக்கும். அந்த அட்டை காலாவதியானால் புதுப்பிப்பு நின்று, சங்கத்தின் மின்னஞ்சல் முழுக்கச் செத்துப்போகும். பதவியின் பெயரில் முகவரி உருவாக்கி, கணக்குகளையெல்லாம் அதற்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது கூட்டத்தின் கணக்கு. பதிவுக் கட்டணத்தைப் 'போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் கொஞ்சம் கூட' என்று முடிவு செய்யும் சங்கங்களுக்குத்தான் கையைக் கடிக்கும். செலவை இரண்டாகப் பிரியுங்கள். அரங்கு, ஒலி ஒளி, காப்பீடு போன்றவை எத்தனை பேர் வந்தாலும் மாறாது. சாப்பாடு, பெயர் அட்டை, பேருந்து தலைக்கு இவ்வளவு என்று ஏறும். மாறாச் செலவு 6,000, தலைக்கு 60 என்று வைத்துக்கொள்வோம் (எந்தப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான்). 100 பேரை எதிர்பார்த்தால் 100-ஆல் வகுக்காதீர்கள். 75-ஆல் வகுத்தால் 80 வரும். தலைச் செலவு 60 சேர்த்தால் 140. 100 பேரே வந்துவிட்டால் மிச்சம் 2,000. மாணவர் பயண உதவிக்கு அது போதும். 100-ஆல் வகுத்து 120 வைத்திருந்து 75 பேர் வந்தால் 1,500 பள்ளம். சின்னச் சங்கத்தின் சேமிப்பு அத்தனையும் அதுவாகவே இருக்கலாம். பேச்சாளர், தன்னார்வலர், செயற்குழு என்று இலவசமாக நுழைபவர்களையும் தலைச் செலவில் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஓட்டல் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச நிரப்பு விதி ஒன்று இருக்கும். 50 அறை, 3 இரவு என்று கையெழுத்திட்டால் 150 அறை-இரவுகள். 80 சதவீதம் நிரம்ப வேண்டும் என்றிருந்தால் 120. உறுப்பினர்கள் 90 மட்டுமே எடுத்தால் மீதி 30-க்கான பணம் சங்கத்தின் தலையில். பிரிப்பரேட்டர்கள் சிக்கனமானவர்கள், நான்கு பேர் ஓர் அறையில் தங்குவார்கள், நண்பர் வீட்டுக்குப் போவார்கள். எனவே தேவை என்று தோன்றுவதில் பாதியை மட்டும் பதிவு செய்து, பிறகு கூட்டிக்கொள்ளும் உரிமையைக் கேளுங்கள். அபராதமின்றி எண்ணிக்கையைக் குறைக்க ஒரு கடைசித் தேதியையும் எழுதி வாங்குங்கள். கூட்டத்தில் பேச அனுப்பும் ஆய்வுச் சுருக்கங்களை ஏற்றுக்கொண்ட செய்தி மூன்று மாதம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். அரசு நிறுவனங்களில் பயண அனுமதி அதற்குள்தான் கிடைக்கும்.

கூட்டத்துக்கு வருபவர்கள் உண்மையில் வருவது பயிற்சிப் பட்டறைக்காக. சொதப்புவதும் அங்கேதான். ஒட்டுப்பொருள் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துவது நம் தொழிலின் அடிப்படைப் பாடம். உதிரும் எலும்பை உறுதிப்படுத்த 5 சதவீதம் என்றால் 5 கிராம் பிசின், கரைசலாக 100 மில்லி. ஒட்டுவதற்கு 50 சதவீதம் என்பது எடைக்கு எடை, பிசினும் அசிட்டோனும் சம எடை. ஒரே குறிப்புத்தாளில் இரண்டு சதவீதமும் இரண்டு அர்த்தத்தில் வரும். அளவு முறையைப் பக்கத்திலேயே எழுதாவிட்டால் வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பதத்தில் கலக்குவார்கள். 12 பேருக்கு உறுதிக் கரைசல் ஆளுக்கு 20 மில்லி என்றால் 240. சிந்தலுக்கும் சேர்த்து 300 மில்லி, அதாவது 15 கிராம் பிசின். ஒட்டு ஆளுக்கு 10 கிராம். 150 கிராம் செய்ய 75 பிசின், 75 அசிட்டோன்.

இதை முந்தைய நாளே கலந்து வைக்க வேண்டும். பிசின் மணிகளை நேராகப் போத்தலில் கொட்டினால் அடியில் பாகுக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு குலுக்கினாலும் அசையாது. மெல்லிய துணியில் முடிந்து, அசிட்டோனின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்க விட்டு மூடிவிடுங்கள். கரைந்தது கனமாகிக் கீழே இறங்கும், புதுக் கரைப்பான் மேலே வந்து துணியைத் தொடும். காலையில் துணி காலியாக இருக்கும். மூடுமுன் போத்தலின் கழுத்தைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மூடி ஒட்டிக்கொள்ளும். ஊற்றிக் கொடுக்கப் பாலிஸ்டைரீன் கோப்பை கூடாது, அசிட்டோன் அதை மேசை மேலேயே கரைத்துவிடும். கண்ணாடி அல்லது பாலிப்ரொப்பிலீன் வேண்டும். ஆய்வகத்தில் வழக்கமாகப் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சீக்கிரமே ஊடுருவும், பட்டதும் மாற்ற வேண்டும். இதையெல்லாம் ஓட்டல் அரங்கில் செய்ய விட மாட்டார்கள், செய்யவும் கூடாது. அசிட்டோனை விமானத்தில் கொண்டுபோகவும் முடியாது. நடத்தும் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் இடம் கேட்டு, அங்கேயே வாங்கி வைக்கச் சொல்லி, மிச்சத்தை யார் அப்புறப்படுத்துவது என்பதையும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தில் அதிரும் ஊசியால் பாறையைச் செதுக்கும் கருவி ஏர் ஸ்கிரைப். அதன் பட்டறையில் வேறு சிக்கல். மூன்று கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரசரில் ஆறைச் செருகினால் அழுத்தம் இறங்கி, ஊசி திணறும். கருவி பழுது என்று எல்லாரும் கழற்ற ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் குறித்துள்ள காற்றளவைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். மணற்கல்லிலிருந்து வரும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு, மேசைக்கு மேசை உறிஞ்சுகுழல் இல்லையென்றால் நடத்தாதீர்கள். சோடியம் பைகார்பனேட் தூளைப் பீய்ச்சும் கருவியானால் காற்றுக்குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி அவசியம், ஈரம் பட்டால் தூள் கட்டிப்பட்டு முனை அடைத்துக்கொள்ளும். பயிற்சிக்குக் கொடுக்கும் எலும்புத் துண்டுகள் கிடைத்த இடத்தின் தகவல் தொலைந்து ஆய்வுக்குப் பயன்படாதவையாகவும், கொடுக்கும் நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடும் இருக்க வேண்டும்.

உரைகளைத் தேர்ந்தெடுக்கும் குழு ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: ஆய்வுக்கட்டுரையில் இன்னும் வெளிவராத மாதிரி, அதாவது புதைபடிவம். புது இனம் என்று சந்தேகிக்கப்படும் மண்டையோட்டைச் சுத்தம் செய்த விதத்தைப் பிரிப்பரேட்டர் பெருமையாகப் படம் போட்டுக் காட்டுவார். யாராவது அதைக் கைபேசியில் எடுத்துப் பரப்புவார். ஆண்டுக்கணக்கில் அதில் உழைத்த ஆய்வாளருக்கும் அந்தப் பிரிப்பரேட்டருக்கும் உறவு முறிந்துவிடும், பழி சங்கத்துக்கும் வரும். சுருக்கம் அனுப்பும் படிவத்திலேயே இரண்டு கட்டாயக் கேள்விகள் போதும். மாதிரி வைத்திருக்கும் நிறுவனத்தின் அனுமதி உண்டா? ஆராயும் ஆய்வாளரின் அனுமதி உண்டா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் அந்தப் படம் திரையில் வராது, நுட்பத்தை மட்டும் பேசலாம். அதோடு, பொருளின் முழுப் பெயர், கரைப்பான், செறிவு இல்லாத சுருக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள். 'தகுந்த பசை பயன்படுத்தப்பட்டது' என்று எழுதுகிற உரையால் யாருக்கும் பயனில்லை.

பெரிய சண்டைகள் இரண்டு. ஒன்று வணிகம். அறிவியல் முக்கியத்துவம் கொண்ட முதுகெலும்பிப் புதைபடிவங்களை விற்பதும் வாங்குவதும், அவை பொது நிறுவனத்துக்குப் போய்ச் சேர்வதற்காகவோ அங்கேயே தங்குவதற்காகவோ இல்லாத பட்சத்தில், ஏற்கத்தக்கதல்ல என்பது முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கத்தின் நெறி. பிரிப்பரேட்டர் சங்கத்தில் வணிகத்துக்கு வேலை செய்பவர்களும் உறுப்பினர்கள். அவர்களைத் தள்ளி வைத்தால் கைத்திறன் மிக்க பலர் போய்விடுவார்கள். எந்த எல்லையும் வகுக்காவிட்டால் அருங்காட்சியகங்கள் ஊழியர்களை அனுப்பத் தயங்கும். ஆளைப் பார்க்காமல் மாதிரியைப் பார்த்து விதி எழுதுவதுதான் ஓடும் வழி: யாரும் உறுப்பினராகலாம், ஆனால் மேடையிலும் சுவரொட்டியிலும் வரும் மாதிரி பொது நிறுவனத்தின் பதிவெண்ணோடு இருக்க வேண்டும்.

இரண்டாவது சயனோஅக்ரிலேட், கடைகளில் சூப்பர் க்ளூ என்று கிடைக்கும் பசை வகை. நொடியில் ஒட்டும், களத்தில் கைகொடுக்கும். ஆனால் பின்னால் பிரிப்பது கடினம், நீண்ட காலத்தில் எப்படி முதுமையடையும் என்பதில் பி-72 அளவுக்கு நம்பிக்கை இல்லை. பி-72-க்கும் பலவீனம் உண்டு. சுமார் 40 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், வெயிலில் நிற்கும் வண்டியில் பாரமான எலும்பின் ஒட்டு நழுவும். சங்கம் 'தடை' என்று அறிவித்தால் பயன்படுத்துபவர்கள் நிறுத்த மாட்டார்கள், பயன்படுத்தியதை எழுதி வைப்பதைத்தான் நிறுத்துவார்கள். அதைவிட மோசமான விளைவு கிடையாது. எந்தச் சூழலில் எது, பயன்படுத்தினால் மாதிரியின் பதிவேட்டில் என்னென்ன குறிக்க வேண்டும் என்று இரண்டு பக்கக் குறிப்பாக வெளியிடுவது பலன் தரும். பசை விற்கும் நிறுவனம் தேநீருக்குப் பணம் கொடுக்கட்டும். குறிப்பு எழுதும் குழுவில் அதன் ஆள் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு செயற்குழுவிலும் யாராவது ஒருவர் தகுதிச் சான்றிதழ் திட்டத்தை எழுப்புவார். ஆசை நியாயமானது; சான்று இல்லாததால்தான் சம்பளம் குறைவு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் தேர்வு வைக்க வேண்டுமானால் செய்முறையைப் பார்த்து மதிப்பிட ஆட்கள், அவர்களுக்குள் ஒரே அளவுகோல், மேல்முறையீடு, சான்று பெற்றவர் ஒரு மாதிரியை நாசம் செய்தால் சங்கத்தின் பொறுப்பு என்ன என்பதற்குச் சட்ட ஆலோசனை, ஆண்டுதோறும் புதுப்பிப்பு எல்லாம் வேண்டும். தன்னார்வச் செயற்குழுவால் இழுக்க முடிகிற தேரல்ல. அதற்குப் பதிலாகத் திறன் பட்டியல் எழுதலாம்: பாறை வகை அறிதல், உடற்கூறு, ஒட்டுப்பொருள் வேதியியல், பாதுகாப்பு, அச்சு வார்ப்பு, பதிவேடு. ஒவ்வொன்றின் கீழும் 'தெரிந்திருக்க வேண்டும்' என்று எழுதாமல், 'பி-72 கரைசலைக் கேட்ட செறிவில் தயாரித்து, ஏன் அந்தச் செறிவு என்று விளக்குவார்' என்பது போலப் பார்த்துச் சோதிக்கக்கூடிய வாக்கியமாக எழுத வேண்டும். அப்படி எழுதினால் அருங்காட்சியகம் ஆள் எடுக்கும்போது விளம்பரத்தில் அப்படியே போட்டுக்கொள்ளும், நேர்காணலில் ஒரு சின்னச் செய்முறையும் வைக்கும்.