கொலை முடிந்த பிறகு விலகும் திரை

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொட்டை மாடியில்தான் எங்கள் ஒத்திகை. ரயில் போனால் வசனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய 'டிரைஃபிள்ஸ்' ஓரங்க நாடகத்தைத் தமிழில் போடுகிறோம்.

கணவன் படுக்கையிலேயே கயிற்றால் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்திருக்கிறான். மனைவி மின்னி சிறையில். ஆதாரம் தேடி ஷெரீப்பும் அரசு வக்கீலும் மாடிக்கும் கொட்டகைக்கும் அலைய, கூட வந்த இரண்டு பெண்கள் அடுப்படியிலேயே நிற்கிறார்கள். ஆதாரம் அங்கேதான் இருக்கிறது. கொலை திரை விலகும் முன்பே முடிந்துவிட்டது. மின்னி மேடைக்கே வருவதில்லை.

"தொடக்கம், வளர்ச்சி, உச்சம்னு ஒண்ணுமே வரிசையா இல்லையேண்ணா" என்று குறைப்படுவான் இயக்குநர் தம்பி. எனக்கோ அடியார்க்குநல்லார்தான் நினைவுக்கு வருவார். சிலப்பதிகார உரையில் நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை நகரும் ஐந்து கட்டங்களை, அவர் பயிராக வளர்த்துக் காட்டுகிறார். உழுத மண்ணில் விதை முளைப்பது முகம், நாற்றாவது பிரதிமுகம், கருக்கொள்வது கருப்பம், கதிர் முற்றுவது விளைவு, அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

கிளாஸ்பெல் இதில் எதையும் விடவில்லை என்பதுதான் என் கட்சி. பாடித் திரிந்த பெண் பேச்சற்ற வீட்டில் வாழ்க்கைப்பட்டது, துணைக்கு ஒரு கேனரிப் பறவை வாங்கியது, அதன் கழுத்து திருகப்பட்டது எல்லாமே திரைக்குப் பின்னால் விளைந்தவை. மேடையில் இருப்பது போரடித்த களம். அந்தப் பெண்கள் வைக்கோலைப் பார்த்தே விதை எது என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் தெருக்கூத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? திரௌபதிக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டுதானே ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது!

உச்சம் எது என்பதில்தான் சண்டை. பட்டுத்துணியில் சுற்றிய செத்த பறவை கிடைக்கும் இடம் என்பான் தம்பி. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியான ஹேல் வேடம் கட்டும் அக்கா மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவர். மின்னி தைத்துக்கொண்டிருந்த ஒட்டுத்துணிப் போர்வையில் கடைசித் தையல் மட்டும் தாறுமாறாக இருப்பதைப் பார்த்து, ஹேல் அதைப் பிரித்துச் சீராகத் தைப்பாள். பறவை கிடைப்பதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. தம்பி அதைப் பின்னால் தள்ளச் சொன்னான். "கோணல் தையலைப் பார்த்த கை சும்மா இருக்குமா தம்பி?" என்றபடியே அக்கா நூலைப் பல்லால் கடித்து இழுத்தார். அந்த இழுப்பிலேயே மின்னியின் மனம் கலங்கியிருந்ததற்கான ஒரு தடயம் அழிந்துவிட்டது. யார் பக்கம் என்பதை வாய் சொல்லும் முன் கை முடிவெடுத்துவிட்டது. விளைவு அங்கேதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

துய்த்தல்தான் கோணிப் போகிறது. அறுவடை வக்கீலுக்குப் போய்ச் சேரவேண்டியது. போகவில்லை. பறவை இருக்கும் பெட்டியை ஹேல் கோட் பாக்கெட்டில் ஒளித்துவிடுகிறாள், ஆண்கள் வெறுங்கையோடு கிளம்புகிறார்கள்.

இப்போது எங்கள் பிரச்சினை அந்தப் பாக்கெட்தான். அக்கா புடவையில் நடிக்கிறார். மடியில் செருகிக்கொள்கிறேன் என்கிறார்; கடைசி வரிசைக்குத் தெரியாது என்கிறான் தம்பி. வக்கீலுக்கே தெரியக்கூடாத பெட்டி, கடைசி வரிசைக்குக் கொஞ்சம் மறைந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டேன். அடுத்த ஒத்திகைக்குச் சின்னப் பெட்டியாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.