வெளியே தெரியாத வெள்ளை

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன் காணொளியில் அழைத்து, "அம்மான், என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்றான். அவன் அங்கே பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்கப் பாம்பு வளர்க்கிறான். பால் குடிக்கும் பாம்பு என்றே என் ஆத்தா நெடுநாள் நினைத்திருந்தார். ஆங்கிலத்தில் 'பால்' என்றால் பந்து; அஞ்சினால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. நம் ஊரில் சாரையையோ நல்லபாம்பையோ வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடங்கொடுக்காது என்பதால், காரைக்குடியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இந்தப் பாம்புகளோடு உள்ள உறவெல்லாம் கைபேசித் திரை வழியாகத்தான்.

அவனிடம் இருந்த ஆணும் பெண்ணும் பார்வைக்குச் சாதாரணக் கரும்பழுப்புப் பாம்புகள். ஆனால் அல்பினோ மரபணுவின் ஒரு படியை உள்ளே சுமப்பவை என்று நம்பி அவன் வாங்கியவை. அப்படிச் சுமக்கும் பாம்பை வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'ஹெட்' என்பார்கள். அல்பினோ ஓர் ஒடுங்குபண்பு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகள் சேர்ந்தால்தான் கருமை நீங்கி, வெள்ளையும் மஞ்சளுமான உடலும் சிவந்த கண்ணும் வெளிப்படும். ஒரு படி மட்டும் இருந்தால் தோலில் அதற்கு அடையாளமே இராது. இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அல்பினோ என்று அவன் படித்திருந்தான். ஆறு முட்டைகள் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாக்கும் பெட்டியில் வைத்துக் காத்திருந்தான். ஆறும் கரும்பழுப்பாகவே வெளிவந்தன. ஒன்றாவது வெள்ளையாக இருந்திருக்க வேண்டாமா என்பது அவன் வழக்கு.

அப்போது கானாடுகாத்தான் வீட்டு வளவில் ஆத்தாவும் பேத்தியும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் கட்டை காணாமல் போய்விட்டதால், ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் இரண்டை எடுத்துத் திரைக்கு முன் காட்டினேன். ஒரு முகம் கறுப்பும் ஒரு முகம் வெள்ளையுமான ஒவ்வொரு கொட்டையும் ஒரு ஹெட் பாம்பு. எறிந்தால் எந்த முகம் மேலே விழுகிறதோ அதுவே குட்டிக்குப் போகும் படி. இரண்டும் வெள்ளையாக விழுவது நான்கில் ஒருமுறை என்பது சரிதான். ஆனால் முதல் முட்டைக்கு என்ன விழுந்தது என்பதை இரண்டாம் முட்டை அறியாது. ஒவ்வொரு முட்டையும் தனி எறிதல். ஒரு முட்டை கறுப்பாக வருவதற்கு வாய்ப்பு நான்கில் மூன்று. அதை ஆறுமுறை பெருக்கினால் 100க்கு ஏறத்தாழ 18 வரும். அதாவது, இத்தகைய இணைகள் நூறு ஆறாறு முட்டையிட்டால், பதினெட்டு வீடுகளில் ஒரு வெள்ளைக்குட்டிகூட இராது. ஆறுமுறை எறிந்து காட்டினேன். இரண்டும் வெள்ளையாக ஒருமுறைகூட விழவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த ஆறு குட்டிகளையும் என்னவென்று சொல்வது என்று கேட்டான். ஹெட் பெற்றோரின் நான்கு பிள்ளைகளில் வெள்ளையானதை ஒதுக்கிவிட்டால் மிஞ்சும் மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று முற்றிலும் சாதாரணம். எனவே கறுப்பாகப் பிறந்த ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்க வாய்ப்பு 66 விழுக்காடு. சந்தையில் '66% ஹெட்' என்று எழுதி விற்பது இதைத்தான். மூன்றில் இரண்டு பங்கு மரபணு அந்தப் பாம்புக்குள் இருக்கிறது என்று பலர் பொருள்கொள்கிறார்கள். மரபணு ஒன்று இருக்கும், அல்லது இராது. அந்த எண் நம்முடைய அறியாமையின் அளவே தவிர, பாம்பின் அளவு அன்று. பாஸ்டெல் போன்ற நிறங்களில் ஒரு படியே தோலில் தெரிந்துவிடும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஐயத்தைத் தீர்க்கப் பழைய வழி, அந்தப் பாம்பை ஓர் அல்பினோவுடன் சேர்த்துப் பார்ப்பது. அது ஹெட் என்றால் குட்டிகளில் பாதி வெள்ளையாகும் என்பதால், ஆறு முட்டையும் கறுக்க வாய்ப்பு 64இல் ஒன்றுதான். ஆனால் சேர்க்கும் வெள்ளை அதே வெள்ளையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்பவர்கள் அனுப்பிய பாம்புச் சட்டைகளிலிருந்து மரபணுக்களைப் படித்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அல்பினோவில் பழுதானது, மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியின் மரபணு. லாவெண்டர் அல்பினோ என்னும் வகையில் பழுதானது ஓசிஏ2 என்ற வேறொரு மரபணு. இந்த இரண்டு வெளிறிய பாம்புகளைச் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் கறுப்பாகவே பிறக்கும். ஒன்றில் கெட்டது மற்றதில் நன்றாக இருப்பதால், குட்டியின் உடல் மெலனினைக் குறையின்றி உண்டாக்கிக்கொள்ளும்.

சட்டையைக் கொண்டே சோதிக்கும் கூடங்கள் இப்போது இருக்கின்றன. உரித்துப் போட்ட சட்டையில் ஒரு துண்டு போதும், ஊசி வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் கழற்றிய சட்டைகளை அனுப்பச் சொன்னேன். ஐப்பசியில் முடிவு வந்தது. ஆண் ஹெட், பெண் சாதாரணம். விற்றவர் ஏமாற்றினாரா என்று பார்க்க ரசீதைத் தேடச் சொன்னால், ஆணுக்கு '100% ஹெட்' என்றும் பெண்ணுக்கு '66%' என்றும் முறையாகவே எழுதியிருந்தது. அவன் 66ஐப் படிக்கவில்லை; நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெள்ளையே இல்லாமல் போக வாய்ப்பு 18 அன்று, 45 என்று முதல் நாளே கணக்கிட்டிருப்பேன். ஆறும் கறுத்த பிறகு அந்தப் பெண் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பும் 66இலிருந்து 26 அளவுக்கு இறங்கிவிட்டது என்று சொல்லியிருப்பேன். புளியங்கொட்டைகளில் ஒன்று இருபக்கமும் கறுப்பு என்பதைப் பார்க்காமலே எறிந்து காட்டியிருக்கிறேன்.

பெண் சாதாரணம் என்றால் குட்டிகளின் எண் 66 ஆகாது, 50தான். பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளை மாற்றச் சொன்னபோதுதான், இரண்டு குட்டிகளைப் புரட்டாசியிலேயே 66 என்று எழுதி விற்றுவிட்டதாகத் தயங்கிச் சொன்னான். வாங்கியவர்களுக்கு அன்றே எழுதிவிடும்படி சொல்லியிருக்கிறேன்.