நாங்களும் போட்டி போடத்தான் வருகிறோம்

50 தாண்டியவர்கள் பந்தயத்தில் ஓடினால் "உடம்புக்கு நல்லதுதானே" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நாங்கள் ஜெயிக்கத்தான் வருகிறோம். மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடமாகப் பிரிவுகள் உண்டு, அதனால் 60ஐத் தொடுகிறவர் அடுத்த பிரிவில் இளையவராகிவிடுகிறார், கிளப்பில் அந்தப் பிறந்தநாளை எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்போம். கடைசிக் கிலோமீட்டரில் முன்னால் ஒரு நரைத்த தலை தெரிந்தால் போதும், கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தாலும் வேகம் எங்கிருந்தோ வந்துவிடும், அவருடைய மூச்சுச் சத்தம் காதில் விழும் தூரத்துக்கு நெருங்கினால் அவரும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார், அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காகத்தான் இத்தனை மாதப் பயிற்சியும்.

கனடா ஓட்டக்காரர் எட் விட்லாக் 2004இல், தன் 73 வயதில், டொராண்டோ வாட்டர்ஃப்ரண்ட் மராத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். நினைத்தாலே சிலிர்க்கிறது.

சரி, வேகப் பயிற்சிக்குப் பிறகு உடம்பு தேற முன்பைவிட நாள் கூடுதலாகத்தான் ஆகிறது, அதைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம், பந்தயம் நடத்துகிறவர்களே, முடிவுப் பட்டியலில் வயதுப் பிரிவைத் தயவுசெய்து போடுங்கள். நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.